தறப்பாளின் ஓரம்: அல்கொன்குவினில் இரண்டாவது முறை

இரவு மூன்று மணி இருக்கும். மழை கூடாரத்தின் மேல் பொரிந்து கொட்டிக்கொண்டிருந்தது. எழும்பி, ரோச் லைட்டை வாயில் கவ்விக்கொண்டு, காற்று மெத்தைக்கும் கூடாரத் தரைக்கும் நடுவில் கையை விட்டுத் தடவினேன். காய்ந்திருந்தது. மகன் படுத்திருந்த மூலைக்குத் தவழ்ந்து போய்ப் பார்த்தேன். அங்கும் காய்ந்திருந்தது. நாலு மூலையும் பார்த்து முடித்த பிறகுதான் திரும்பப் படுத்தேன். படுத்தும் நித்திரை வரவில்லை, சந்தோஷத்தில்.

முந்தைய வருடம் இதே பூங்காவில், இதே மாதிரி ஒரு மழையில், இதே நேரத்துக்கு நாங்கள் ஐந்து பேரும் எங்கள் வான் வண்டிக்குள் குந்திக்கொண்டிருந்தோம். கூடாரம் மாறவில்லை, அதே கூடாரம்தான். அப்படியானால் என்ன மாறியது என்று மறப்பதற்கு முன் எழுதி வைக்கிறேன். முதல் தடவை பிள்ளைகளோடு போகிற யாருக்காவது உதவலாம்.

அல்கொன்குவின் மாகாணப் பூங்கா ரொறன்ரோவிலிருந்து வடக்கே கிட்டத்தட்ட மூன்று மணித்தியால ஓட்டம். 1893 இல் தொடங்கியது. 7,600 சதுர கிலோமீற்றருக்கு மேல் காடும் ஏரியுமாகக் கிடக்கிறது. எங்களைப் போலக் குடும்பமாகப் போகிறவர்கள் பார்ப்பது அதில் ஒரு கீற்று மட்டும். 60 ஆம் இலக்க நெடுஞ்சாலை பூங்காவின் தெற்குப் பக்கத்தை 56 கிலோமீற்றருக்கு ஊடறுத்துப் போகிறது. வானைக் கொண்டுபோய்ப் பக்கத்திலேயே நிறுத்திக் கூடாரம் அடிக்கக்கூடிய திடல்களில் அநேகமானவை அந்தச் சாலையை ஒட்டித்தான். மேற்கு வாசலிலிருந்து எத்தனையாவது கிலோமீற்றர் என்பதுதான் அங்கே முகவரி.

முதல் வருடம்

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து, ஸ்காபரோவில் நாலரைக்குப் புறப்பட்டோம். அதுவே முதல் பிழை. கோடைகால வெள்ளி மாலையில் பாதி ரொறன்ரோ 400 ஆம் நெடுஞ்சாலையில் வடக்கே போகும். இருபது வருடமாக இங்கே இருக்கிற எனக்கு இது தெரியாததில்லை. பரி நகரம் வரைக்கும் ஊர்ந்தோம். ஹன்ட்ஸ்வில்லில் பிள்ளைகளுக்குப் பசி, அங்கே ஒரு மணித்தியாலம். திடலுக்குள் நுழையும்போது ஒன்பதரை, நல்ல இருட்டு.

வானின் பின்கதவைத் திறந்தால் முன்னுக்கு நிற்பது அரிசிப் பை, கூலர், மடக்குக் கதிரைகள் ஐந்து, மகனின் சைக்கிள். கூடாரம் எல்லாவற்றுக்கும் அடியில். ஏனென்றால் அதைத்தான் முதலில் ஏற்றினேன், பாரமான சாமான் என்று. எல்லாவற்றையும் இறக்கி நிலத்தில் பரப்பி, கூடாரப் பெட்டியை வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த இருட்டில் பிரித்தேன். கம்பிகளில் எது நீளம் எது கட்டை என்று கண்டுபிடிக்கவே அரை மணித்தியாலம். நின்று முடியப் பதினொன்று. இரண்டு மணிக்கு மழை. மூன்று மணிக்கு மெத்தைகளுக்குக் கீழே தண்ணீர்.

அம்மா வரும்போதே சொல்லிக்கொண்டுதான் வந்தா. "இருந்த முகாம் காணாதே? காசு குடுத்து வந்து தறப்பாளுக்குள்ள படுக்கோணுமே?" 95 யாழ்ப்பாண இடப்பெயர்வில் தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூட வளவுக்குள் தறப்பாளுக்குக் கீழே இருந்தோம். கார்த்திகை மழை. எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. எனக்கு அது அரைகுறை ஞாபகம், அவவுக்கு அப்படியில்லை.

விடிந்ததும் நான் கூடாரத்தின் தையல்களைப் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தேன், கடையில் திருப்பிக் கொடுக்கும்போது காட்டலாம் என்று. அம்மா போர்வையைப் போர்த்தியபடி கூடாரத்தை ஒருக்கால் சுற்றி வந்தா. "கீழ விரிச்சதின்ர ஓரம் வெளிய நிக்குது. கூரையில விழுந்த தண்ணியெல்லாம் வழிஞ்சு அதுக்கை இறங்கி உங்கட முதுகுக்குக் கீழ வந்திட்டுது. உது கூடாரத்தின்ர பிழையில்லை."

குனிந்து பார்த்தேன். சரிதான். எங்கள் கூடாரத்தின் அடி 13 அடிக்கு 9 அடி. அதற்குக் கீழே நான் விரித்த நீலத் தறப்பாள் 16க்கு 12. நாலு பக்கமும் ஒன்றரை அடி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. "பெரிசாக இருந்தால் பாதுகாப்பு" என்று நினைத்து வாங்கியது. உண்மையில் கூரைத் தண்ணீர் முழுவதையும் ஏந்திக் கூடாரத்துக்கு அடியில் கொண்டுபோய் விடுகிற தாம்பாளமாகத்தான் அதை விரித்திருக்கிறேன். அதன்மேல் ஐந்து பேரின் பாரமும் அழுத்தினால் எந்தத் தரைத்துணிதான் தாங்கும்?

அன்று மத்தியானமே கட்டிக்கொண்டு திரும்பினோம். ஈரக் கூடாரத்தை அப்படியே சுருட்டி கராஜில் போட்டேன். அதற்கும் பிறகு விலை கொடுத்தேன்.

மார்ச் மாதக் காலை ஏழு மணி

ஒன்ராறியோப் பூங்காக்களில் இடம் பதிவது, போகிற நாளுக்குச் சரியாக ஐந்து மாதத்துக்கு முன், காலை 7 மணிக்குத் திறக்கும். ஓகஸ்ட் நடுப்பகுதி வேண்டுமென்றால் மார்ச் நடுப்பகுதியில் அலாரம் வைக்க வேண்டும். ஓகஸ்டைத் தெரிந்தெடுத்ததற்குக் காரணம் நுளம்பு. மே நடுப்பகுதியிலிருந்து ஜூன் முடியும் வரைக்கும் அங்கே ஒரு சின்னக் கறுப்பு ஈ கடித்துப் பிய்க்கும். அது குறைகிற நேரம் நுளம்பு நிற்கும், ஜூலை பாதிவரை. ஓகஸ்டில் இரண்டும் அடங்கிவிடும். இரவில் மட்டும் குளிர் எட்டிப் பார்க்கும்.

இம்முறை வெள்ளி, சனியைத் தொடவில்லை. ஞாயிறு போய்ப் புதன் திரும்புவது, மூன்று இரவு. சாலையும் வெறுமை, இடமும் கிடைத்தது. ஆனாலும் நான் குறித்து வைத்திருந்த ஐந்து இடங்களில் மூன்று, ஏழு மணி மூன்று நிமிடத்துக்குள் போய்விட்டன. ஆகவே ஐந்து குறித்து வைத்தது நல்லது.

முதல் வருடம் யாரோ கைவிட்ட இடத்தைப் பார்க்காமல் பிடித்தேன். அது ஒரு பள்ளம். இம்முறை பதிவுத் தளத்தில் ஒவ்வொரு இடத்துக்கும் போட்டிருக்கிற படத்தைப் பெருப்பித்துப் பார்த்தேன். நிலம் எந்தப் பக்கம் சாய்கிறது, தீக்குழி எங்கே, தறப்பாள் கட்ட இரண்டு மரம் பத்துப் பன்னிரண்டு அடி இடைவெளிக்கு மேல் நிற்கிறதா. மனைவி பார்த்தது வேறு: கழிப்பறைக்கு எவ்வளவு தூரம். ஏழு வயது மகனும் எழுபது வயது அம்மாவும் இரவில் எழும்புகிறவர்கள். நூறடிக்குள் என்றால் இரவு முழுக்க வெளிச்சமும் கதவுச் சத்தமும் தாங்க முடியாது. முந்நூறு அடிக்கு மேல் என்றால் அம்மா வரமாட்டா. இரண்டுக்கும் நடுவில் பொக் ஏரித் திடலில் ஒன்று கிடைத்தது, 37 ஆம் கிலோமீற்றருக்குக் கிட்ட. உயர்ந்த பைன் மரங்கள், மணல் நிலம், கொஞ்சம் மேடு. மேடு என்பதற்காகவே எடுத்தேன். ஒரு இடத்தில் ஆறு பேர் என்பது பொது விதி, நாங்கள் ஐந்து.

கொல்லைப்புறத்தில் மழை

மே மாதம் கூடாரத்தை விரித்தபோது அடிப்பக்கம் முழுக்கக் கரும்புள்ளி, பூஞ்சணம். ஈரமாகச் சுருட்டிப் போட்டதன் பலன். வினாகிரியும் தண்ணீரும் சமமாகக் கலந்து மெல்லிய துணியால் துடைத்தேன். மணம் போனது, புள்ளி போகவில்லை. அது இனி இருக்கும்.

பிறகு கொல்லைப்புறத்தில் நிறுத்தி, ஹோஸ் பிடித்து இருபது நிமிடம் "மழை" பெய்யவிட்டோம். மகள் உள்ளே ரோச் லைட்டோடு இருந்து கூப்பிட்டாள். இரண்டு இடத்தில் ஒழுக்கு: பின் யன்னலின் மேல்தையல், வாசல் பக்க மூலை. ஆக, போன வருடம் தண்ணீர் கீழிருந்துதான் வந்தது என்றாலும் கூடாரமும் முழுச் சுத்தம் இல்லை.

இங்கே ஒரு பிழை விட்டேன். தையலில் பூசுகிற பசை என்று கேட்டு, கையில் கிடைத்த சிலிக்கன் குழாயை வாங்கிப் பூசினேன், 13 டாலர். மறுநாள் விரலால் தேய்த்தால் தோல் உரிகிற மாதிரி உரிந்து வந்தது. பிறகுதான் விளங்கியது. எங்கள் கூடாரம் பொலியெஸ்ரர் துணி, உள்பக்கம் யூரித்தேன் பூச்சு. அதில் சிலிக்கன் ஒட்டாது, அதற்கு யூரித்தேன் பசைதான் வேண்டும். சிலிக்கன் பூச்சுத் துணி என்றால் நேர்மாறு. குழாயில் சின்ன எழுத்தில் எழுதித்தான் இருக்கிறது, நான் வாசிக்கவில்லை. இன்னொரு 13 டாலர். ஆனால் சிலிக்கனின் மிச்சம் ஒட்டியிருக்கிற இடத்தில் எதுவும் ஒட்டாதே. இரண்டு மாலை நேரம் நகத்தாலும் பழைய வங்கி அட்டையாலும் சுரண்டி, காயத்துக்குப் போடுகிற அல்ககோலால் துடைத்து, பிறகு யூரித்தேனைச் சின்னத் தூரிகையால் மெல்லிசாகப் பூசி ஒரு நாள் காயவிட்டேன். யன்னல் தையல் நின்றது. மூலையில் ஒரு விரலளவு இடம் மட்டும் இன்னும் கசிந்தது. அதற்கு உள்பக்கம் கூடாரத்துணி ஒட்டுகிற ரேப் ஒரு துண்டு. அழகில்லை. ஆனால் அடுத்த இருபது நிமிட ஹோஸில் மகள் கூப்பிடவில்லை.

அன்றே கூடாரம் அடிக்கிற நேரத்தையும் அளந்தோம். முதல் தடவை 41 நிமிடம், மூன்றாம் தடவை 19. கம்பிகளின் நுனியில் சிவப்பு, நீல நிற ரேப் சுற்றியதுதான் பெரிய வித்தியாசம். சிவப்பு சிவப்போடு, நீலம் நீலத்தோடு. மகனே செய்வான்.

கீழ்த் தறப்பாள், மேல் தறப்பாள், ஆணி

கீழ்த் தறப்பாளை வெட்டப் போனேன். அம்மா விடவில்லை. "வெட்டினால் நூல் கிளம்பும். உள்ளுக்கு மடிச்சு விடு." கூடாரத்தின் அடியை விட நாலு பக்கமும் அரை அடி குறைய வேண்டும், அதாவது 12க்கு 8. பதினாறை நீளப்பாட்டுக்கு இரண்டு அடி இரண்டு அடியாக, பன்னிரண்டை அகலப்பாட்டுக்கு அதேபோல, மடிப்பு நிலத்தைப் பார்க்கிறபடி. மடிப்பு மேலே பார்த்தால் அதற்குள்ளும் தண்ணீர் நிற்கும். மடிக்க வேண்டிய கோட்டை மார்க்கரால் கீறி வைத்தேன். செலவு ஒரு சதம் இல்லை. இந்தப் பதிவில் வேறு ஒன்றையும் செய்யாவிட்டாலும் இதை மட்டும் செய்யுங்கள்.

கூடாரத்தைச் சுற்றி வாய்க்கால் வெட்டச் சொன்னா அம்மா. ஊரில் அப்படித்தான் செய்தது. பூங்காவில் நிலத்தைக் கிண்ட விடமாட்டார்கள், மரத்தில் ஆணி அடிக்கவும் கூடாது. "பிறகென்ன காடு" என்றா.

மேல் தறப்பாள் சாப்பாட்டு மேசைக்கு. போன வருடம் நாலு மூலையையும் ஒரே உயரத்தில் கட்டினேன், கட்டில் விரிப்பு மாதிரி. நடுவில் குளம் கட்டி ஒரு மூலைக் கண்ணி கிழிந்து, சோற்றுப் பானைக்குள் ஒரு வாளித் தண்ணீர். இம்முறை இரண்டு பைன் மரங்களுக்கு நடுவில் ஏழடி உயரத்தில் ஒரு கயிற்றை விறைப்பாகக் கட்டி, தறப்பாளை அதன்மேல் போட்டேன், வீட்டு முகடு மாதிரி. காற்று வருகிற பக்கத்தை நாலடிக்கு இறக்கி, மற்றப் பக்கத்தை ஆறடியில் விட்டேன். முகட்டுக் கயிறு 6 மில்லிமீற்றர் தடிப்பு, 15 மீற்றர். முதலில் வாங்கியது நைலோன். நனைந்தால் இழுபடும், அரை மணித்தியாலத்தில் தொய்ந்துவிடும். மஞ்சள் பிளாஸ்ரிக் கயிறு இழுபடாது, ஆனால் முடிச்சு நிற்காது, வழுக்கும். கடைசியில் பொலியெஸ்ரர். மரப்பட்டை வெட்டுப்படாமல் பழைய துவாயைச் சுற்றி அதன்மேல் கயிறு.

பக்கக் கயிறுகளுக்கு ஒரே ஒரு முடிச்சுத்தான் பழகினேன். நுனியை முளையைச் சுற்றி எடுத்து, நிற்கிற கயிற்றின்மேல் வளையத்துக்கு உள்பக்கமாக இரண்டு சுற்று, வெளிப்பக்கமாக ஒரு சுற்று, இழுத்து இறுக்கு. பிறகு முடிச்சைக் கையால் மேலே தள்ளினால் கயிறு விறைக்கும், கீழே தள்ளினால் தளரும், விட்டால் நிற்கும். மழையில் தளர்ந்த கயிற்றை அவிழ்க்காமலே இறுக்கலாம். சமையலறைக் கதிரைக் காலில் கட்டிக் கட்டி ஒரு கிழமை பழகினேன்.

கூடாரத்தோடு வருகிற மெல்லிய கம்பி முளைகள் அங்கே உதவாது. மேலே மணல், அதற்குக் கீழே வேர், சில இடத்தில் கருங்கல். மணலில் கழன்று வரும், வேரில் வளையும். கட்டட வேலைக்கு விற்கிற பன்னிரண்டு அங்குல ஆணி பதினான்கு வாங்கினேன், தலை சின்னதென்றபடியால் ஒவ்வொன்றுக்கும் ஒரு பெரிய வாஷர். கழற்றும்போது கண்ணில் படவும் கால் தடக்காமலும் இருக்க, தலையில் ஒரேஞ்ச் பெயின்ற். அடிக்க ரப்பர் சுத்தியல் போதாது, இரும்புச் சுத்தியல்தான்.

வான் நிரப்புவது

முதலில் தேவைப்படுவது கடைசியாக ஏற வேண்டும். எழுதினால் ஒரு வரி. வீட்டில் இதற்கு இரண்டு நாள் சண்டை. மகள் பதினொரு வயதுக்காரி, கொப்பியில் வானின் பின்பக்கத்தைப் படம் கீறி எண் போட்டாள். அடியில் உடுப்புப் பைகளும் மெத்தைகளும். நடுவில் அடுப்பு, பாத்திரப் பெட்டி. கூலர் கதவோரம், ஏனென்றால் வழியில் திறக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே ஒரே பையில் மேல் தறப்பாள், கயிறு, சுத்தியல், ஆணி. அதற்குப் பக்கத்தில் கூடாரம். மழையிலேயே போய் இறங்கினாலும் கதவைத் திறந்ததும் தறப்பாள் கையில் வரும். தறப்பாள் கட்டிய பிறகு மற்றதெல்லாம் அதற்குக் கீழே நனையாமல் இறங்கும்.

சைக்கிளை விட்டுவிட்டுப் போனோம். மகன் பரி வரைக்கும் பேசவில்லை.

காலை எட்டேகாலுக்குப் புறப்பட்டு, பன்னிரண்டரைக்குப் பூங்கா. இடம் மத்தியானம் இரண்டு மணிக்குத்தான் கையில் வரும் என்பதால் 43 ஆம் கிலோமீற்றரில் இருக்கிற பார்வையாளர் நிலையத்தில் சோற்றுப் பார்சலைச் சாப்பிட்டோம். இரண்டரைக்கு வேலை தொடக்கம். மேல் தறப்பாள் 25 நிமிடம், கூடாரம் 22, மெத்தைகளுக்குக் காற்று 15. நாலு மணிக்கு அம்மா தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தா. போன வருடம் இதே நாலு மணிக்கு நாங்கள் வீட்டைவிட்டே புறப்படவில்லை.

சாப்பாடும் கரடியும்

மூன்று நாள் கறியையும் வீட்டிலேயே சமைத்து, சிப் வைத்த பைகளில் தட்டையாக ஊற்றி உறைய வைத்தோம். அதுவே கூலருக்கு ஐஸ். அதோடு நாலு லீற்றர் தண்ணீர்ப் போத்தல் இரண்டும் உறைய வைத்தது. கட்டி ஐஸ் மூன்றாம் நாள் காலை வரைக்கும் கரையாமல் கிடந்தது. போன வருடம் கடையில் வாங்கிய துண்டு ஐஸ் மறுநாளே தண்ணீர். கரைந்த தண்ணீரையும் குடிக்கலாம் என்பது போத்தலின் இன்னொரு லாபம். முதல் இரவு ஆட்டுக்கறி, பாண். இரண்டாம் இரவு பருப்பும் கோழியும் சோறும். அம்மாவின் கட்டாயத்தில் தேங்காய்ச் சம்பல், அதையும் அரைத்தே கொண்டுபோனோம்.

அங்கே கறுப்புக் கரடி உண்டு. கரடியை விட நிச்சயமாக வருவது றக்கூன் என்கிற சின்ன விலங்கு. போன வருடம் மேசையில் ஒரு பாண் பைக்கற்றை விட்டுவிட்டு மழைக்கு வானுக்குள் ஏறியபோது, எங்கள் கண்முன்னே ஒன்று அதைத் தூக்கிக்கொண்டு போனது. விதி எளிது: மணக்கிற எதுவும் வெளியிலோ கூடாரத்திலோ இருக்கக்கூடாது, எல்லாம் வானுக்குள். சாப்பாடு மட்டுமென்று நினைத்தால் பிழை. பற்பசை, சவர்க்காரம், அம்மாவின் தலையெண்ணெய், நோவுக்குப் பூசுகிற சித்தாலேப. படுக்கப் போகுமுன் நான் மகனின் பையைச் சோதித்தேன். அடியில் அரைப் பைக்கற் மிக்சர்.

காஸ் அடுப்பு இரண்டு குழல். 465 கிராம் காஸ் போத்தல் மூன்று கொண்டுபோனோம், இரண்டரை முடிந்தது. சோறு வடிக்கிற வீடு என்றால் ஒரு போத்தல் கூட வையுங்கள். அடுப்பைத் தறப்பாளுக்குக் கீழே நாலு பக்கமும் திறந்த இடத்தில்தான் வைத்தோம். மழையென்று கூடாரத்துக்குள் கொண்டுபோகவே கூடாது. தீப்பிடிப்பது ஒரு பக்கம், மணமே இல்லாத காபன் மொனொக்சைட் ஆளைக் கொல்லும்.

விறகு பூங்காவில் விற்பதையே வாங்கினோம். வீட்டிலிருந்து கொண்டுபோகக்கூடாது. பட்டைக்குள் இருக்கிற பூச்சி ஒரு ஊரிலிருந்து அடுத்த காட்டுக்கு விறகோடுதான் பயணம் பண்ணுகிறது. ஒரு பை விறகு ஒரு இரவுக்கே பத்தாது. மழைக்கு அடுத்த நாள் விறகும் ஈரம். மெல்லிய சிராயாகப் பிளந்து தறப்பாளுக்குக் கீழே ஒரு இரவு முன்னதாகவே அடுக்கி வைத்தால் பிடிக்கிறது.

இரண்டாவது இரவுதான் அந்த மழை. நான் மேலே சொன்ன மூன்று மணி. விடியப் பார்த்தால் கூடாரத்தின் உள்கூரையில் துளித்துளியாகத் தண்ணீர். மனம் விட்டுப்போனது, திரும்பவும் ஒழுக்கா என்று. தையல்களைத் தடவினேன், காய்ந்திருந்தது. துணியின் நடுவில்தான் ஈரம். ஐந்து பேரின் மூச்சு. மழைக்குப் பயந்து மேல் யன்னல்களை இறுக்கிப் பூட்டியிருந்தேன், ஆவி போக வழியில்லை. அடுத்த இரவு காற்று வராத பக்கத்து மேல் யன்னலை நாலு விரல் அளவுக்குத் திறந்து விட்டேன். விடியற்காலை வெளியே 8 பாகை, உள்ளே துளி மிகக் குறைவு.

குளிருக்கு இன்னொன்று. காற்று மெத்தைக்குள் இருக்கிற காற்று நிலத்தின் குளிரையே எடுக்கும். போன வருடம் மெத்தைக்கு மேல் மூன்று போர்வை போர்த்தும் முதுகு விறைத்தது. இம்முறை உடற்பயிற்சிக்கு விரிக்கிற தடித்த நுரைப்பாய் ஆளுக்கொன்று, மெத்தைக்கும் முதுகுக்கும் நடுவில். ஐந்தும் 60 டாலர். போர்வையை விட அதுதான் வேலை செய்தது.

மற்றபடி எல்லோரும் செய்வதைச் செய்தோம். 40 ஆம் கிலோமீற்றருக்குக் கிட்ட லுக்அவுட் என்கிற பாறைக்கு ஏறினோம், இரண்டு கிலோமீற்றர்தான், ஆனால் ஏற்றம். அம்மா கீழே வானில் இருந்தா. 14 ஆம் கிலோமீற்றரில் கனூ ஏரியில் கனூ என்கிற துடுப்புப் படகை வாடகைக்கு எடுத்து மனைவியும் பிள்ளைகளும் வலித்தார்கள். ஓவியர் ரொம் ரொம்சன் 1917 இல் இறந்துபோனது இந்த ஏரியில்தான் என்று நான் வாசித்துச் சொன்னதில், மகனுக்கு உயிர்காப்பு அங்கியின் வாரை மனைவி இன்னும் இரண்டு விரல் இறுக்கினாள். இரவில் ஏரியில் லூன் கத்தியது, ஒரு டாலர் நாணயத்தில் இருக்கிற பறவை. "ஆரோ பொம்பிளை அழுகிற மாதிரிக் கிடக்கு" என்று அம்மா எழும்பி உட்கார்ந்தா. அடுத்த இரவு அது எப்போது கத்தும் என்று கேட்டா.

கணக்கு: மூன்று இரவு இடம், பதிவுக் கட்டணத்தோடு 168 டாலர். விறகு நாலு பை 38. பெற்றோல் 78. மேல் தறப்பாள் 34, கயிறும் ஆணியும் 22, பசை இரண்டும் 26 (பாதி என் அறிவீனத்துக்கு), நுரைப்பாய் 60, காஸ் 24, கனூ 45. எல்லாமாக 495. சாப்பாட்டை எழுதவில்லை, வீட்டில் இருந்தாலும் சாப்பிடத்தான் போகிறோம்.

அடுத்த முறைக்குக் குறித்து வைத்தவை: பாத்திரம் பாதி போதும். ஐந்து பேருக்கு ஒன்பது சட்டி கொண்டுபோய், கழுவின தண்ணீரைச் சுமந்து கொண்டுபோய்க் கொட்டினோம். மேல் தறப்பாள் 16க்கு 20 பெரிது, ஒரு ஆளால் தூக்கிப் போட முடியாது, காற்றுக்குப் பாய் மாதிரி அடித்தது. 12க்கு 16 காணும். உடுப்புக் காயப்போட ஒரு கொடி வேண்டும். மெத்தைக்குக் காற்றடிக்கிற பம்பை முதல் நாள் இரவே சார்ஜ் பண்ண வேண்டும், இம்முறை நாலாவது மெத்தையை வாயால் ஊதினேன். மகனின் சைக்கிளுக்கு வானின் பின்னுக்கு ஒரு தாங்கி விலை பார்க்கிறேன்.

புதன்கிழமை கழற்றும்போது நிலம் ஈரம். வீட்டுக்கு வந்ததும் தூங்காமல் கூடாரத்தை கராஜுக்குள் ஏணிக்கும் சைக்கிளுக்கும் நடுவில் தொங்கவிட்டு, மின்விசிறி போட்டு இரண்டு நாள் காயவிட்டேன். புதுப் புள்ளி இல்லை. ஆணிகளைக் கழுவி எண்ணினால் பதின்மூன்று. பதினான்கு கொண்டுபோனது நிச்சயம், கழற்றும்போதும் எண்ணினேன். வானுக்குள் பாய்க்கு அடியில் எல்லாம் தேடினேன், கிடைக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை கொல்லைப்புறத்தில் புல் வெட்டும்போது கால் தடக்கியது. ஒரேஞ்ச் தலை. அம்மாவின் பாகற்கொடிப் பந்தலை ஒரு பக்கம் இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றது, என் பொலியெஸ்ரர் கயிற்றின் மிச்சத் துண்டில். முடிச்சு நான் கதிரைக் காலில் பழகினது இல்லை, வேறு ஏதோ ஒன்று. இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை.